முகம் தெரியாதவருக்கு ஒரு கார்டு

தபால் கார்டு கூச்சம் அறியாதது. கடிதத்துக்கு உறை என்று ஒரு போர்வை உண்டு. கார்டுக்கு அதுவும் இல்லை. எழுதினவர் கையை விட்டுப் புறப்பட்டதிலிருந்து பெறுகிறவர் கைக்குப் போய்ச் சேருகிற வரையில், வழியில் இருக்கிற யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், படிக்கலாம். கார்டு புதிதாக வந்த காலத்தில் ஐரோப்பாவில் பெரிய வீட்டார் சிலர், ‘வேலைக்காரர்கள் படித்துவிடுவார்களே!’ என்று கவலைப்பட்டதுண்டு. நாலு வரிச் சேதிக்கு ஒரு முழுக் காகிதமும் உறையும் எதற்கு என்று எம்மானுவேல் ஹெர்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் எழுப்பிய கேள்வியிலிருந்து பிறந்தது அது. 1869-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி ஆஸ்திரியாவில் முதல் கார்டு வெளிவந்தது. பத்தே வருஷத்தில், 1879-இல், காலணா விலையில் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது.

நம்மவர்கள் கூச்சப்படவில்லை. பேத்தி பிறந்த சேதி, மழை பெய்த சேதி, மாடு விற்ற பணம் இன்னும் வந்து சேராத சேதி எல்லாம் அந்தக் காலணாவிலேயே போயின. ஆனாலும் கார்டுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால், படிக்கும் முன்பே மனம் குளிர்ந்துவிடும். சாவுச் சேதி சொன்ன கார்டைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எழுத்து பேசுவதற்கு முன்னால் கார்டின் தோற்றமே பேசிவிடும் என்பது நம் பாட்டிமார்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்போது அந்த விவகாரம் உலகம் பூராவும் பரந்துவிட்டது. 2005-இல் போர்ச்சுகல் தேசத்து இளைஞர் ஒருவர், பாவ்லோ மகல்யாயிஷ் என்று பெயர், ‘போஸ்ட்கிராஸிங்’ என்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தார். அதில் பெயரைப் பதிந்துகொண்டால், சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல, எங்கோ ஒரு தேசத்தில் இருக்கிற யாரோ ஒருவருடைய முகவரி உங்களுக்கு வரும். அவருக்கு நீங்கள் ஒரு படக் கார்டு அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, வேறொரு தேசத்திலிருந்து, முன்பின் தெரியாத இன்னொருவர் உங்களுக்கு அனுப்புவார். கடன் வாங்கியவர் ஒருவர், தீர்ப்பவர் மற்றொருவர்! இப்படியாக இதுவரை ஏழு கோடிக்கும் அதிகமான கார்டுகள் கடல் கடந்தும் மலை கடந்தும் போயிருக்கின்றன. கல்லூரியில் படிக்கும் என் மகள் இதில் சேர்ந்திருக்கிறாள். முகவரி அவளுக்கு வரும். கார்டு தேடி அலைகிற உத்தியோகம் எனக்கு.

கார்டைத் தேர்ந்தெடுப்பது அற்ப விஷயம் என்றுதான் தோன்றும். ஆனால் கடையில் இரண்டு கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இதுவா, அதுவா?’ என்று நிற்கும்போது, பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு மனிதரிடம் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி வந்து எதிரே நிற்கிறது. அது அற்பமான கேள்வி அல்ல.

இதற்குப் பட்டியல் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. ரஷ்யர்களுக்குப் பூங்கொத்துப் படம் அனுப்பினால் பூக்களை எண்ணிப் பார்த்து அனுப்ப வேண்டும். ஒற்றைப் படையில் இருந்தால் மங்கலம், இரட்டைப் படையில் இருந்தால் அது சாவு வீட்டுக்குரியது. மொய்ப் பணத்தை நூற்றொன்றாக வைக்கிற நமக்கு இது எளிதாகப் புரியும். நாம் அம்மனுக்கு ஆள் உயரத்துக்குச் சாத்துகிற செவ்வந்திப் பூவைப் பிரான்சில் நவம்பர் முதல் தேதி கல்லறைகளில் கொண்டுபோய் வைக்கிறார்கள். கொரியர்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதக் கூடாது. செத்துப்போனவர் பெயரை எழுதுகிறாற்போல் ஆகிவிடும்.

அவர்களிடமிருந்து நமக்கு வருவதிலும் சங்கடம் உண்டு. மேல்நாட்டுக்காரர்கள் பலருக்கு ஆந்தை என்றால் கொள்ளை ஆசை. கிரேக்கர்களின் அறிவுத் தெய்வமான அதீனாவின் பறவை அல்லவா? என் மகளுக்கு ஒரு முறை வந்த கார்டில் உருண்டைக் கண்களோடு அழகான ஆந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. என் தாயார் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இதை யாரடி வாசல் வழியாக உள்ளே விட்டது?” என்று கேட்டாள்.

“வங்காளத்தில் லட்சுமிக்கு ஆந்தைதான் வாகனம், அம்மா” என்றேன் நான்.

“அந்த ஊர் லட்சுமி அந்த ஊரிலேயே சௌக்கியமாக இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். ஆனால் கார்டைக் கிழிக்கவில்லை. யாரோ ஒரு பெண் பிரியமாக அனுப்பியதாயிற்றே! ஆந்தை சுவரைப் பார்க்கும்படியாக, எழுத்துப் பக்கத்தை வெளியே காட்டி அலமாரியில் நிறுத்திவைத்தாள். இந்தச் சமரசத்தை எந்தப் பட்டியலிலும் பார்க்க முடியாது.

பட்டியல்களை நான் பரிகாசம் செய்யவில்லை. முதன்முதலாக ஒரு வீட்டுக்குப் போகும்போது செருப்பை எங்கே விடுவது என்று விசாரித்துக்கொள்வது போலத்தான் இதுவும். ஆனால் பட்டியலோடு நின்றுவிட்டால், எதிரே இருப்பவர் மனிதராக இல்லாமல், தேசம் என்ற துணி மூட்டையிலிருந்து வெட்டிக் காட்டிய ஒரு மாதிரித் துண்டாகிவிடுகிறார். பூக்களை எண்ணாத ரஷ்யர் இருக்க மாட்டாரா? யார் மனமும் நோகக் கூடாது என்ற பயத்தில் சிலர் எல்லோருக்கும் பூனைக்குட்டியையும் சூரியாஸ்தமனத்தையுமே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கார்டுகள் நமத்துப்போன அப்பளம் மாதிரி. வயிற்றைக் கெடுக்காது, வாய்க்கும் ஒன்றுமில்லை.

பட்டியலால் தீராத வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு ஒரு நண்பர். வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி கோலம் போடுவதில் கெட்டிக்காரர். மார்கழியில் அந்த அம்மாள் வாசலில் போட்ட கோலங்களைப் படம் பிடித்துக் கார்டாக அச்சிட்டு வைத்திருந்தார் நண்பர். ஒன்றில் நடுவே ஸ்வஸ்திகம், நாலு பக்கமும் பூசணிப் பூ. அதை ஜெர்மனிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். வேறு கோலம் அனுப்பலாமே என்றேன்.

“ஏன் சார்? இது நம்முடைய மங்கலச் சின்னம். ஆயிரக்கணக்கான வருஷமாக நம்மிடம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் ஆண்ட ஒருவன் அதைத் திருடிக்கொண்டு போய் நாசம் பண்ணினான் என்பதற்காக, பறிகொடுத்தவன் வெட்கப்பட வேண்டுமா?”

நியாயமான கேள்வி, அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. நாஜிச் சின்னங்களைப் பகிரங்கமாகக் காட்டுவது ஜெர்மனியில் சட்டப்படி குற்றம். நம் கோலம் நாஜிச் சின்னம் ஆகாதுதான். ஆனால் கார்டு கோர்ட்டுக்குப் போகவில்லை. ஒரு வீட்டுக்குப் போகிறது. 1933-க்கும் 1945-க்கும் இடையில் அந்த வீட்டில் யாரை இழந்தார்களோ, அல்லது அந்த வீட்டுத் தாத்தா யாரைக் கொன்றாரோ, நமக்குத் தெரியாது. ஆற்றில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்து ஆற்று மீனின் ருசியைப் பற்றிப் பேச மாட்டோம். ஆறு பாவம் செய்யவில்லை, நாமும் செய்யவில்லை. இருந்தாலும் பேச மாட்டோம். அதே கார்டு ஜப்பானுக்குப் போயிருந்தால் வழக்கே இல்லை. அங்கே தேசப் படங்களில் புத்தர் கோயில் இருக்கும் இடத்தைக் காட்டுவதற்கே இடம்புரி ஸ்வஸ்திகத்தைத்தான் போடுகிறார்கள்.

நண்பர் நான் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கார்டை உறையில் போட்டு, கூடவே ஒரு முழுத் தாளில் கோலத்தின் விளக்கத்தை எழுதி அனுப்பினார். என் அபிப்பிராயத்தைவிட அவர் செய்த காரியம் மேலானது என்றே நினைக்கிறேன். திறந்த கார்டாகச் சொல்ல முடியாத ஒன்றை, மூடிய கடிதமாகச் சொல்லிவிட்டார்.

மனம் நோவது ஒரு புறம் இருக்கட்டும். அந்நிய தேசத்துக் கார்டு, அதைப் பெற்றவரின் உயிருக்கே உலை வைத்த காலமும் உண்டு. 1887-இல் ஜாமென்ஹோஃப் என்பவர் உலகத்தார் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியை உருவாக்கினார். அதைக் கற்றவர்கள் தேசம் விட்டுத் தேசம், முகம் தெரியாதவர்களுக்கு ஆசையாக எழுதிக்கொண்டார்கள். சோவியத் நாட்டில் 1920-களில் அரசாங்கமே இதற்கு ஊக்கம் தந்தது. 1937, 1938-இல் ஸ்டாலினின் களையெடுப்பு நடந்தபோது, அந்த எஸ்பெராண்டோக்காரர்கள் ஒற்றர்கள் ஆகிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து அவர்களுக்கு வந்திருந்த கடிதங்களே குற்றத்துக்குச் சாட்சியாயின. பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கார்டு அனுப்பியவர்கள் கெட்ட எண்ணத்தோடா அனுப்பினார்கள்? “உங்கள் ஊரில் பனி பெய்கிறதா?” என்றுதான் கேட்டிருப்பார்கள். ஆகையால், கெடுபிடி மிகுந்த தேசத்தில் இருப்பவருக்கு எழுதும்போது, அந்நாட்டு ராஜாங்கத்தைப் பற்றி ஹாஸ்யமாகக்கூட ஒரு வார்த்தை வேண்டாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். நம் தைரியத்தை அவர் செலவில் காட்டிக்கொள்ளக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் பெறுகிறவரைப் பற்றி. அவர் மனம் கோணாமல், அவருக்குத் தீங்கு வராமல், அவர் ரசிக்கும்படியாக ஒரு கார்டு அனுப்பிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்துவிட்டதா?

தீரவில்லை. அமெரிக்காவில் கறுப்பு மக்களைக் கும்பலாகக் கூடிக் கொன்று தூக்கில் தொங்கவிட்டு, அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைக் கார்டாக அச்சடித்து, ஊரிலிருந்து சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் ஞாபகார்த்தமாக அனுப்பினார்கள். அப்படிப்பட்ட கார்டுகளைத் தபாலில் எடுத்துப் போகக் கூடாது என்று 1908-இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் உறையில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கார்டுகளை வாங்கியவர்களின் மனம் நோகவில்லை! அனுப்பியவருக்கு அவர்களுடைய ரசனை நன்றாகத் தெரிந்திருந்தது. பெறுகிறவருக்குப் பொருத்தமாக இருப்பதுதான் நல்ல கார்டுக்கு இலக்கணம் என்றால், அவையும் நல்ல கார்டுகள் ஆகிவிடும்.

கார்டுக்கு இரண்டு பேர் மட்டும் சம்பந்தம் என்று நாம் நினைக்கிறோம். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: படத்தில் இருப்பவர். அவர் எழுதவும் இல்லை, அவருக்கு வரவும் இல்லை. ஆனால் வழி நெடுகப் போர்வையில்லாமல் போகிறவர் அவர்தான்.

வெள்ளைக்காரர் காலத்தில் நம் சென்னையிலிருந்து சீமைக்குப் போன கார்டுகளைச் சேகரித்து வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்ணான், அம்பட்டன், ஆயா, கள்ளிறக்குகிறவன் என்று வரிசையாக நிற்பார்கள். சிலர் ஸ்டூடியோவில் திரைச் சீலைக்கு முன்னால், மரமில்லாமலே மரமேறும் கோலத்தில்! கீழே தொழிலின் பெயர் இருக்கும், அல்லது ஜாதியின் பெயர் இருக்கும். மனிதனின் பெயர் இருக்காது. அல்ஜீரியாவில் இதைவிட மோசம். அங்கே முகத்திரை இல்லாத பெண்ணைத் தெருவில் காண முடியாத பிரெஞ்சுப் படக்காரர்கள், ஏழைப் பெண்களுக்குக் கூலி கொடுத்து ஸ்டூடியோவுக்கு அழைத்து, அரைகுறை ஆடையில் அந்தப்புரத்து அழகிகளாக நிறுத்தி எடுத்தார்கள். அந்தக் கார்டுகள் பிரான்சு தேசமெங்கும் போயின. அல்ஜீரியக் கவிஞர் மாலெக் அல்லூலா 1981-இல் அவற்றையெல்லாம் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். அதைப் பற்றிச் சொல்லும்போது, இந்தப் பெரிய கார்டை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவதாக எழுதினார்.

எனக்கு அதிகம் உறுத்துவது நமக்கு நெருக்கமான ஒரு படம். இலங்கையிலிருந்து கார்டு வந்தால் பெரும்பாலும் அது யானை. இல்லையென்றால் கொழுந்து பறிக்கும் பெண். முதுகில் கூடை, தலையில் முட்டாக்கு, முகத்தில் ஒரு சிரிப்பு, சுற்றிலும் பச்சைப் பசேலென்று மலை. கொழும்பில் 1890-இல் தொடங்கிய பிளேட்டே கம்பெனியின் காலத்திலிருந்து அவளை அச்சடித்து உலகமெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவள் நம் ஜனம். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கங்காணிகள் கூட்டிக்கொண்டு போனவர்களின் பேத்தி. நாம் ‘தபால் அட்டை’ என்கிறோமே, அந்த மலையில் ‘அட்டை’ என்றால் காலில் ஏறி ரத்தம் குடிப்பது. அது படத்தில் தெரியாது. பத்தடிக்குப் பத்தடி லயத்துக் காம்பிராவும் தெரியாது.

1948-இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது அவளுடைய மக்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964-இல் இரண்டு பிரதம மந்திரிகள், சிறிமாவோவும் சாஸ்திரியும், உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று அவர்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மிஞ்சியவர்களுக்கு வழி பிறக்க 2003-ஆம் வருஷத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது. இந்த ஐம்பத்தைந்து வருஷமும் அவளுடைய படம் பாஸ்போர்ட் இல்லாமல் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது. நாள் கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று வருஷக்கணக்கில் கேட்டு, அது அறிவிக்கப்பட்டது 2021-இல்தான். அந்தக் கார்டைப் பெறுகிற எந்த அந்நியரும் முகம் சுளிக்கப் போவதில்லை. பண்பாட்டுப் பட்டியல் எதிலும் அது விலக்கப்பட்ட படம் அல்ல. எவ்வளவு அழகான பச்சை!

“அப்படியானால் கோபுரத்தையும் தாஜ்மகாலையும் மட்டும் அனுப்பச் சொல்கிறீர்களா? ஏழைகளைப் படம் எடுக்கவே கூடாதா?” என்று அதே நண்பர் கேட்டார். இல்லை. ஏழ்மையை ஒளித்துவைக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏழைகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தங்கள் மானத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். நான் கேட்பது வேறு. பாம்பாட்டிக் கார்டு இன்றைக்கும் விற்கிறது. மகுடியும் படமெடுத்த நாகமும்! 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தோடு அந்தப் பிழைப்பே போய்விட்டது. ஆனால் மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, பிறகு காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக் கடிக்கு மருந்து செய்கிறார்கள். அந்த இருளர்களில் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2017-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டுப் போய், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்போடு நிற்கும் அவர்களுடைய படத்தைப் பெயர் போட்டு ஒரு கார்டாக அச்சடித்தால், ஃப்ளோரிடாக்காரருக்கே அனுப்பலாம். பாம்பு அதே பாம்புதான், மனிதர் வேறாகிவிடுகிறார்.

போன மாதம் மாமல்லபுரத்தில் கார்டு தேடினேன். சுழல் சட்டத்தில் செருகிவைத்திருந்த கார்டுகளில், படகைத் தள்ளிக்கொண்டு போகும் நாலு மீனவர்களின் படம் ஒன்று கண்ணைப் பறித்தது. ‘மாமல்லபுரம் மீனவர்கள்’ என்று அச்சிட்டிருந்தது. “இவர்கள் யார்?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“யாருக்கு சார் தெரியும்? மெட்ராஸிலிருந்து கட்டுக் கட்டாக வருகிறது. விற்கிறோம்.”

பக்கத்தில் சங்கு மாலை விற்றுக்கொண்டிருந்த பையன் எட்டிப் பார்த்தான். “இது எங்க ஊர்ப் படகே இல்லைங்க. இந்த மாதிரி பாய் இங்கே கட்ட மாட்டாங்க” என்றான். கடைக்காரர் அவனை முறைத்தார்.

நான் அதை வைத்துவிட்டு, கிருஷ்ண மண்டபத்துச் சிற்பத்தின் கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். கோவர்த்தனத்தைத் தூக்கிய கண்ணனுக்குப் பக்கத்தில் ஓர் இடையன் உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு கன்றை நக்கிக் கொடுக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பல்லவர் காலத்துச் சிற்பி யாரைப் பார்த்து அந்த இடையனைச் செதுக்கினானோ, அவனிடம் கேட்டுக்கொண்டு செய்தானோ இல்லையோ, அந்த விசாரணைக்கு இனி இடமில்லை. ஆனால் அவன் முழங்காலிடுக்கில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தால், சிற்பி பால் கறப்பவனைப் பக்கத்தில் இருந்து, வெகுநேரம், மரியாதையோடு பார்த்திருக்கிறான் என்பது மட்டும் தெரிகிறது.

மகளுக்கு அப்போது வந்திருந்த முகவரி நெதர்லாந்தில் இருக்கும் ஒரு பெண்மணியுடையது. தங்கள் வீட்டில் பசுக்கள் இருப்பதாகத் தம்மைப் பற்றிய குறிப்பில் எழுதியிருந்தார். கார்டின் பின்புறத்தில் முதலில் சிற்பம் இருக்கும் இடத்தையும் காலத்தையும் எழுதினோம். மிச்சம் மூன்று விரற்கடை இடம் இருந்தது. அதில் மகள் எழுதினாள்: “எங்கள் கிராமங்களில் கறக்கும்போது கன்றைப் பசுவின் முன்னால் கட்டுவார்கள். அதை நக்கிக்கொண்டே பசு பால் சுரக்கும். உங்கள் ஊரில் எப்படிக் கறக்கிறீர்கள்?”